அசல் கேண்டிடேட்

பணியாளர் தேர்வு வாரியம் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடி நெடுங்காலம் ஆகிவிட்டது. லிஃப்டில் பழுது ஒன்றும் இல்லை. அதை ஓட்ட ஆள் இல்லை. லிஃப்ட்மேன் இல்லாமல் யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது விதி. பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு விதி தெரியாது என்று அர்த்தம். லிஃப்ட்மேனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வாரியமோ அதே கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. ஆகவே வாரியத்தின் தலைவரும் உறுப்பினர்களும் தினமும் படியேறி வந்து, நாக்குத் தள்ள நாற்காலியில் விழுந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு லிஃப்ட்மேன் தேர்வைப் பற்றி ஆலோசித்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வரும்போது சாப்பாட்டு நேரமும் வந்துவிடும்.

ஓர் ஆளை எடுக்க இத்தனை காலமா என்று வாரியத்தைக் குறை சொல்வது பாவம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வாரியத்தின் விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எழுதியது யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பழைய தலைவர் ஒருவரிடம் ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ அதிலிருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிட, அவர் திருதிருவென்று முழித்தார். மறுநாளே உத்தரவு போட்டார்: விதிப்புத்தகத்தில் உள்ள எந்த ஆங்கிலச் சொல்லையும் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் அமல்படுத்தக் கூடாது. தோண்டுவதற்கு வேர்ச்சொல் பிரிவு என்று ஒன்று பிறந்தது. அதற்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு உதவியாளர்கள், உதவியாளர்களுக்கு நாற்காலிகள். ‘லிஃப்ட்’ என்ற சொல்லைத் தோண்டி முடிப்பதற்குள் இருந்த லிஃப்ட்மேன் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார். ஒருமுறை ஆர்வக்கோளாறில் ‘ஆபீஸ்’ என்ற சொல்லையும் தோண்டினார்கள். அதன் வேர் ‘வேலை செய்வது’ என்று வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அன்று மாலையே குழியை மூடிவிட்டார்கள்.

லிஃப்ட்மேன் வேலைக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் பாக்கி. விதி சொல்கிறது: ‘கேண்டிடேட் ஒருவரை வாரியம் தேர்ந்தெடுக்கும்.’ சரி, கேண்டிடேட் என்றால் யார்?

பஞ்சர் வந்து மாட்டிக்கொண்டது இந்த நேரத்தில்தான். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிச் சூடு போடும் கடையில் அவனுக்கு வேலை. பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். கடையும் தெருவும் சேர்ந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பஞ்சர் என்று மாட்டிவிட்டன. பெண்டாட்டி மட்டும் ‘என்னங்க’ என்று கூப்பிட்டாள். ரப்பர் புகையை வருஷக்கணக்காகக் குடித்ததில் அவனுக்கு இருமல் வந்து, வந்தது போகாமல் தங்கிவிட்டது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உன் நெஞ்சுக்குள்ள பாதி டயர் இருக்குப்பா. அந்தப் புகையை விட்டுட்டு வேற வேலை பாரு. இல்லாட்டி நான் குடுக்கற மருந்தெல்லாம் ஓட்டை வாளியில ஊத்துற தண்ணிதான்.”

வேற வேலை என்ன கடைத்தெருவில் கூறு கட்டியா விற்கிறது? தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கும் அவன் பெண்டாட்டிதான் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“உட்கார்ந்த இடத்துல வேலைங்க. புகை கிடையாது. நிரந்தரம். உங்க வயசுக்கு இந்த வருஷம்தான் கடைசி. இதை விட்டா அவ்வளவுதான்.”

அவள் தம்பி, பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன், சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “மாமா, அந்த வாரியத்துக்கு நான் பார்சல் கொண்டு போயிருக்கேன். எல்லாம் டிக்‌ஷனரி. பொட்டி பொட்டியா டிக்‌ஷனரி. லிஃப்டுக்கு ஆள் எடுக்கறவன் எதுக்கு மாமா அவ்வளவு டிக்‌ஷனரி வாங்கறான்?”

“நீ வாயை மூடு. அபசகுனமா பேசாதே” என்றாள் அக்கா.

பஞ்சர் விண்ணப்பித்தான். சீக்கிரமே அழைப்பு வந்தது. நேர்காணலுக்கு வெள்ளை உடையில் வரவும் என்று இருந்தது. தையல்காரியின் புருஷனுக்கு அதுவா கஷ்டம்? கம்பெனியில் மிச்சமான வெள்ளைத் துணியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, சட்டையும் பேண்ட்டுமாகத் தைத்துவிட்டாள். கஷ்டம் அதைப் போட்டுக்கொள்வதில்தான் இருந்தது. பஞ்சரின் விரல்களில் ஊறிப்போன கறுப்பு எந்தச் சோப்புக்கும் அசையாது. பொத்தானை அவன் போட்டால் அங்கே ரேகை பதிந்துவிடும் என்று அவளே மேலிருந்து கீழ்வரை போட்டுவிட்டாள். “எதையும் தொடாதீங்க. கையைத் தூக்கிக்கிட்டே போங்க” என்று சொல்லி அனுப்பினாள். போலீஸ் பிடித்த ஆளைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவன் மாடிப்படி ஏறினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று இருமினான். உச்சியில் அவனைப்போலவே வெள்ளையில் ஒரு கூட்டம், யார் மேலும் யாரும் பட்டுவிடாமல் தள்ளித் தள்ளி நின்றது.

தலைவர் உள்ளே வந்தார். பருத்த மனிதர். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“உங்களை ஏன் வெள்ளையில் வரச் சொன்னோம் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். “கேண்டிடேட் என்ற சொல்லை நமது வேர்ச்சொல் அதிகாரி தோண்டியிருக்கிறார். பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு வருபவன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவான். லத்தீன் மொழியில் வெள்ளை உடுத்தியவன் என்பதுதான் இந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆகவே வெள்ளையில் வராதவன் கேண்டிடேட்டே அல்ல. ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரையும் நிராகரிப்பதில்லை. சொல்தான் நிராகரிக்கிறது. நாங்கள் வெறும் கருவிகள். எங்கள் மேல் எந்தப் பொறுப்பும் வராதபடி இந்த வாரியத்தை நாங்கள் பாடுபட்டு அமைத்திருக்கிறோம்.”

வேர்ச்சொல் அதிகாரி ஒல்லியானவர். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் சட்டையாகப் பார்த்துக்கொண்டே போனார். “இது தந்த நிறம். இது பால் நிறம். இது வெள்ளையாக இருந்து மனம் மாறியது” என்று சொல்லிச் சொல்லிப் பாதிப்பேரை வெளியே அனுப்பினார். பஞ்சர் முன் நின்றார். புதுத்துணி. கண் கூசியது.

“நல்ல வெள்ளை. ஆனால் போதாது” என்றார்.

“இதுக்கு மேல வெள்ளை இல்லைங்களே ஐயா.”

“அதைத்தான் ரோமாபுரிக்காரனும் நினைத்தான். அதனால் அங்கி மேல் சுண்ணாம்புப் பொடி பூசிக்கொண்டான். தலைமை எழுத்தரே, கொண்டு வாருங்கள்.”

தலைமை எழுத்தர் ஒரு வாளியும் விளக்குமாறும் கொண்டுவந்தார். மீதியிருந்தவர்களை ஜன்னலோரம் நிறுத்தி, சுவருக்கு அடிப்பதுபோல் பொடியை அள்ளி அடித்தார். அறையே பனிமூட்டமாகிவிட்டது. உரலுக்குள் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் முடியுமா என்று பஞ்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் பிடிப்பது? இருமல் வந்தது. வாயைத் திறந்ததும் பொடி உள்ளே போனது. உள்ளே போனதும் இன்னும் இருமினான். குனிந்து, சுவரைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய இருமினான்.

தலைவர் அதை மெச்சிப் பார்த்தார். “மற்றவர்களுக்கு வெளியே மட்டும்தான் வெள்ளை. இவன் உள்ளேயும் வாங்கிக்கொள்கிறான். குறித்துக்கொள்ளுங்கள்.”

அன்று இரவு அவன் தூங்கவில்லை. பெண்டாட்டி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். “முதல் கட்டம் தாண்டிட்டீங்கல்ல. அது போதும்” என்றாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைச் சொன்னால் அவன் போகமாட்டான், போகாவிட்டால் டயர் கடைதான். அதனால் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டம் வருவதற்குள் வாரியத்தில் சண்டை மூண்டுவிட்டது. வேர்ச்சொல் அதிகாரி இன்னும் தோண்டியதில், அதே வெள்ளையிலிருந்து ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் பிறந்திருப்பது தெரியவந்தது. ‘கேண்டிட்.’ ஒளிவுமறைவில்லாமல் பேசுபவன் என்று அர்த்தம். ஆகவே துணி வெளுத்தால் போதாது, நெஞ்சும் வெளுத்திருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. துணிக்குச் சோதனை உண்டு, நெஞ்சுக்கு எங்கே போவது என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் லிஃப்டை மறந்துவிட்டு ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. சாப்பாட்டைக்கூடத் தனித்தனி மேஜையில் சாப்பிட்டன. கடைசியில் உண்மை பேசும் தேர்வு என்று ஒன்றை வைப்பதாக முடிவானது.

பஞ்சருக்கு முன்னால் போனவர் ஒரு பட்டதாரி. இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, சிறு வயதிலிருந்தே மக்களை உயர்த்தும் சேவையில் தனக்கு ஈடுபாடு என்று சொன்னார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்து பஞ்சர்.

“இந்த வேலை உனக்கு எதற்கு?”

“நெஞ்சுல புகை அடைச்சுப்போச்சுங்க. டாக்டர் வேற வேலை பார்க்கச் சொன்னாரு. பார்க்காட்டி செத்துப்போயிருவேன்னு அவர் சொல்லலை. சொன்ன மாதிரி பார்த்தாரு.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

“லிஃப்ட் மீது உனக்கு ஆசை உண்டா?”

“இல்லைங்க. கதவு மூடினாலே எனக்குப் பயம். பழகிக்குவேன்.”

“அருமை” என்றார் தலைவர். “இந்த வாரியத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்? ஒளிக்காமல் சொல்.”

பஞ்சர் தயங்கினான். சொல்லாமல் விட்டால் பட்டதாரி போன வழிதான். “தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. எங்க கடையில ஆள் வேணும்னா முதலாளி வெளிய வந்து ‘யாருப்பா வர்றே’ன்னு கேப்பாரு. வர்றவன் கையைப் பார்ப்பாரு. ஜாக்கியைத் தூக்கச் சொல்வாரு. முடிஞ்சுது. நீங்க ஒரு பொத்தானை அழுத்தறவனைத் தேட இத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க. ஆள் கிடைச்சுட்டா நீங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்கன்னு எனக்குக் கவலையா இருக்குங்க.”

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். வேர்ச்சொல் அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“முழு மதிப்பெண்” என்றார் தலைவர். “தம்பி, நீ நினைப்பது சரி. ஆள் எடுப்பது பெரிய காரியமில்லை. எந்தக் கடைக்காரனும் எடுத்துவிடுவான். எடுக்காமல் இருப்பதற்குத்தான் ஒரு வாரியம் தேவைப்படுகிறது. இதை இத்தனை வருஷத்தில் எங்களிடம் யாரும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.”

பஞ்சர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான். உண்மையைச் சொல்லி ஒரு காரியம் நடந்தது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. “கை தட்டினாங்க” என்று பெண்டாட்டியிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். மச்சினன் மட்டும், “கை தட்டினா வேலை குடுப்பாங்களா மாமா? வேலை குடுக்காதவன்தான் கை தட்டுவான்” என்றான். அக்கா அவன் தட்டில் அன்று குழம்பு ஊற்றவில்லை.

மூன்றாவது அழைப்பு வருவதற்குள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. சுண்ணாம்புப் பொடி செய்த வேலை. டயர் கடையிலும் விடுப்பு கேட்டுக் கேட்டு முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். அழைப்பு வந்த காலையில் பஞ்சருக்கு அனலாகக் காய்ச்சல் அடித்தது.

“இன்னைக்குப் போக வேண்டாம்ங்க” என்றாள் பெண்டாட்டி.

“இன்னைக்குப் போகலேன்னா எதுக்கு இத்தனை நாள் போனேன்?”

அவள் வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து பொத்தான் போட்டுவிட்டு, பஸ்ஸில் கூடவே வந்தாள். விண்ணப்பித்தவர் தவிர மற்றவர் மாடிக்கு வரக் கூடாது என்று காவலாளி தடுக்க, கீழேயே உட்கார்ந்துகொண்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அன்று பஞ்சர் அந்த மாடிப்படியை உட்கார்ந்தும் தவழ்ந்தும்தான் ஏறினான்.

மேலே அவனோடு இன்னும் இருவர்தான் மிச்சம். வேர்ச்சொல் அதிகாரி ஆணிவேரையே தொட்டுவிட்டாராம். முகத்தில் அப்படி ஒரு களை.

“வெள்ளை என்பது கிளை. உண்மை என்பது இன்னொரு கிளை. இரண்டுக்கும் கீழே வேர் இருக்கிறது. அந்த வேருக்கு அர்த்தம் கனல்வது, ஒளிவிடுவது. மெழுகுவர்த்தியை ஆங்கிலத்தில் கேண்டில் என்கிறார்கள் அல்லவா? அதே வேர். தீ வைப்பதற்கான சொல்லும் அதே குடும்பம். ஆகவே அசல் கேண்டிடேட் என்பவன் கனல வேண்டும்.”

“எப்படிங்க?” என்று கேட்டார் மிச்சமிருந்த இருவரில் ஒருவர்.

“எப்படி என்று கேட்பவன் கனலவில்லை என்று அர்த்தம்.”

அவர் வெளியேற்றப்பட்டார். ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். இருட்டில் உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்து, யார் ஒளிவிடுகிறார்கள் என்று உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ குறட்டை விட்டார். கடைசியில் வேர்ச்சொல் அதிகாரி எழுந்து தடவித் தடவி வந்தார். இன்னொருவன் நெற்றியில் கை வைத்தார். வெறும் நெற்றி. பஞ்சர் நெற்றியில் வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“எரிகிறான்!” என்று கத்தினார். “ஐயா, இவன் எரிகிறான்!”

விளக்கைப் போட்டார்கள். தலைவரும் வந்து தொட்டுப் பார்த்தார். உறுப்பினர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தொட்டார்கள். சுடச்சுட அவன் நடுவில் நின்றான். ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டான். அந்தக் குரல் அவன் காதிலேயே விழவில்லை.

முடிவை அப்போதே அறிவித்தார்கள். அப்படி ஒரு வேகம் வாரியத்தின் சரித்திரத்தில் இல்லை. தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“வெள்ளை உடுத்தியவன், உண்மை பேசுபவன், கனல்பவன். மூன்றும் ஓர் ஆளில் சேர்ந்ததை இந்த வாரியம் இன்றுதான் பார்க்கிறது. சொல்லுக்கும் ஆளுக்கும் இடையே கடுகளவும் இடைவெளி இல்லை. இவன்தான் கேண்டிடேட்.”

பஞ்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காய்ச்சலா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஆகவே” என்றார் தலைவர், “இவனை நியமிப்பதற்கில்லை.”

“ஐயா?”

“யோசித்துப் பார். வேலை கிடைத்தவனை யாராவது கேண்டிடேட் என்பார்களா? உன்னை நியமித்த நொடியிலேயே நீ கேண்டிடேட் இல்லாமல் போய்விடுவாய். ஒரு சாதாரண லிஃப்ட்மேன் ஆகிவிடுவாய். இத்தனை பாடுபட்டுக் கண்டெடுத்த ஒரே அசல் கேண்டிடேட்டை நாங்களே எங்கள் கையால் அழிப்பதா? அந்தப் பழி எங்களுக்கு வேண்டாம்.”

“ஐயா, எனக்கு வேலை வேணும்ங்க. கேண்டிடேட்டா இருக்கறதுக்கு நான் வரலைங்க.”

வேர்ச்சொல் அதிகாரி அடிபட்டதுபோல் பார்த்தார். “எல்லோரும் வேலைக்காகத்தான் வருகிறார்கள். சொல்லுக்காக யார் வருகிறார்கள்? உன்னை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.”

“அப்ப அந்த வேலையை அவருக்காவது குடுங்க” என்று பஞ்சர் மூலையில் நின்ற இன்னொருவனைக் காட்டினான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

“முதலிடத்தில் ஆள் இருக்கும்போது இரண்டாம் இடத்துக்குப் போக விதி இல்லை” என்றார் தலைவர். “கலங்காதே. உன்னை வெறும் கையோடு அனுப்பமாட்டோம். இன்று முதல் நீ இந்த வாரியத்தின் நிரந்தர கேண்டிடேட். வயது வரம்பு உனக்கு மட்டும் நீக்கப்படுகிறது. உயிருள்ளவரை நீ விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம். இனி எந்தத் தேர்வு நடந்தாலும், வருபவர்களுக்கு முன்னால் சுண்ணாம்பு பூசி உன்னை நிறுத்துவோம். கேண்டிடேட் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாளைக்கே ஒரு தேர்வு இருக்கிறது. நேரத்துக்கு வந்துவிடு.”

“சம்பளம் ஏதாவது...”

“கேண்டிடேட்டுக்குச் சம்பளம் என்று எந்த அகராதியிலும் இல்லை” என்றார் வேர்ச்சொல் அதிகாரி. அவர் எல்லா அகராதியையும் பார்த்தவர்.

எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பஞ்சரை நடுவில் நிறுத்தி, அவன் சாய்ந்துவிடாமல் இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் கீழே வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. கடைசித் திருப்பத்தில் பெண்டாட்டி காவலாளியைத் தாண்டி ஓடிவந்து தோளைத் தாங்கினாள்.

“என்னங்க ஆச்சு? என்ன சொன்னாங்க?”

அவனுக்கு மூச்சு வரவில்லை. படியில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மூச்சுக்குத் தக்கபடி ஒன்றிரண்டு சொல்தான் வெளியே வந்தது.

“நான்தான் முதல்... நிரந்தரம்னு... நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க.”

அவள் அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாணமானதிலிருந்து அவள் இப்படி அழுது அவன் பார்த்ததில்லை. அவன் கறுத்த விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

“டேய், கிடைச்சிருச்சுடா! உங்க மாமாவுக்கு நிரந்தரம்டா! என்ன பேச்சுப் பேசினே நீ? நாளைக்கே சேரணுமாம். வரும்போது டயர் கடை முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு, இனிமே வரமாட்டாருன்னு. ஆமா, இப்பவே சொல்லிடு.”

பஞ்சர் வேண்டாம் என்று கையை நீட்டினான். வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அவள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இருமறாருடா, வேற ஒண்ணுமில்லை” என்றாள் போனில். “இனிமே சரியாயிடும்.”